இணைப்பு உண்டு; வேலை இல்லை!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அங்கே "நெட் இல்லை" என்ற குரல் வாரத்துக்கு ஒருமுறையாவது எழாமல் இராது. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்வதைப் போன்றது இது. சொன்னவருக்கு எல்லாம் சொல்லிவிட்ட நிறைவு; கேட்டவருக்கு ஒன்றும் விளங்காது.

கம்பி அறுந்துபோவது எளிய நோய். விளக்கு அணைந்துவிடும், கண்ணால் பார்த்துக் கம்பியை மாற்றிவிடலாம். நான் இங்கே எடுத்துக்கொண்டது வேறு வகை. கம்பி நன்றாக இருக்கிறது. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. திரையில் "இணைக்கப்பட்டது" என்று எழுத்தும் வருகிறது. ஆனால் திறக்க வேண்டிய கோப்பு மட்டும் திறப்பதில்லை. இத்தகைய நோய்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் ஒளிந்திருக்கின்றன. பெயர், வழி, சுரங்கம் என்று அவற்றை நான் எனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். பாடப்புத்தகம் அவற்றை டி.என்.எஸ்., ரூட்டிங், வி.பி.என். என்று அழைக்கும்.

முதலில் பெயர். கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும். மனிதர்களாகிய நமக்கோ எண்கள் நினைவில் நிற்பதில்லை. அமெரிக்காவில் 1969-இல் தோன்றிய அர்ப்பாநெட் வலையில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதை ஒரே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் குழுவினர் அதைப் பராமரித்தனர். எங்கே புதிய கணிப்பொறி வந்தாலும் அவர்களிடம் சொல்லவேண்டும். அவர்கள் கோப்பைத் திருத்துவார்கள். மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணிப்பொறிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்த டி.என்.எஸ். முறை, ஒரே கோப்பை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தது. அவரவர் பகுதிப் பெயர்களுக்கு அவரவர் பொறுப்பு. தெரியாததை மேலே உள்ளவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது.

பழைய கோப்பு மட்டும் சாகவில்லை. இன்றும் நம் ஒவ்வொரு கணிப்பொறிக்குள்ளும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் அது உறங்கிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால் கணிப்பொறி பொதுவாக டி.என்.எஸ்.-ஐக் கேட்பதற்கு முன்னரே அதைப் பார்த்துவிடும். இதனால் ஒரு வேடிக்கை உண்டு. 'என்.எஸ்.லுக்கப்' என்ற கட்டளை நேராக டி.என்.எஸ். சர்வரிடம் போய்க் கேட்பது. ஹோஸ்ட்ஸ் கோப்பை அது திரும்பியும் பாராது. 'பிங்' கட்டளையோ கணிப்பொறியின் வழக்கப்படி கோப்பையும் பார்க்கும். ஆகவே ஒரே பெயருக்கு ஒன்று "அப்படி யாரும் இல்லை" என்றும் மற்றொன்று "இதோ இருக்கிறார்" என்றும் சொல்லக்கூடும். இரண்டும் பொய் சொல்லவில்லை. எதை யாரிடம் கேட்டது என்பதில்தான் வேறுபாடு.

அடுத்தது வழி. இதற்கு நம் தபால் துறையைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. 1972 ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டில் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது. தில்லியில் கடிதம் பிரிப்பவருக்கு முதல் இலக்கமான 6-ஐப் பார்த்தால் போதும், தெற்கே அனுப்பிவிடுவார். கோவைப் பக்கம் வந்த பிறகுதான் 641 என்பதற்குப் பொருள். கடைசி மூன்று இலக்கங்கள் எந்த அஞ்சலகம் என்பதைச் சொல்லும். ஒருவருக்கும் முழு வழியும் தெரியவேண்டியதில்லை. அடுத்த கை எது என்று தெரிந்தால் போதும். ரூட்டர் என்ற பெட்டியும் அவ்வாறே. தகவலைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி அனுப்புகிறோம். ஒவ்வொரு ரூட்டரும் பொட்டலத்தின் மேலுள்ள எண்ணைத் தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு அடுத்த கைக்குத் தள்ளிவிடுகிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு வழிகள் பொருந்தினால், அதிக இலக்கங்கள் வரை பொருந்துகிற வழியே வெல்லும். இந்த ஒரு விதியை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு இடங்களில் வேலைக்கு வரும்.

மூன்றாவதான சுரங்கம்தான் வி.பி.என். பொது இணையத்தின் வழியே போகும் பொட்டலத்தை, பூட்டிய இன்னொரு பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புவது. கவருக்குள் கவர். நடுவில் இருப்பவர்களுக்கு வெளிக்கவரின் முகவரி மட்டும் தெரியும்; உள்ளே இருப்பது தெரியாது. கிளையிலிருக்கும் கணிப்பொறி, தலைமை அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல நடந்துகொள்ளலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் பலர் இந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் அலுவலகத்துக்குப் போய் வந்தார்கள்.

சுரங்கம் திறந்துவிட்டது என்பதற்கு மட்டுமே "இணைக்கப்பட்டது" என்ற எழுத்து சாட்சி. சுரங்கத்தின் வாய்க்குள் நம் பொட்டலம் நுழைந்ததா என்பதற்கு அது சாட்சி அல்ல. இந்த வேறுபாடு எத்துணை பெரியது என்பதைக் கடந்த கோடை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது எனக்குக் காட்டியது.

திருப்பூர் வட்டாரத்தில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கிளையில், விடுமுறை நாட்களில் கணிப்பொறி அறைக்கு உதவியாகப் போய்க்கொண்டிருந்தேன். என் தாயார் அங்கே செக்கிங் பிரிவில் வேலை செய்கிறார். அந்த வழியாகக் கிடைத்த வாய்ப்பு. எங்கள் பக்கம் சம்பளம் சனிக்கிழமை தோறும். ஆளுக்கு எத்தனை உருப்படி என்ற கணக்கு கோவைத் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கே கூலிப் பட்டியலாகி, அங்குள்ள சர்வரில் வந்து உட்கார்ந்துவிடும். கிளையின் காசாளர் வி.பி.என். வழியாக அதைத் திறந்து, அச்சிட்டு, கவர் போடுவார். தலைமை அலுவலகத்தைச் சனிக்கிழமை நான்கு மணிக்கே பூட்டிவிடுவார்கள். சர்வர் மட்டும் உள்ளே விழித்திருக்கும்.

அன்று ஆறு மணிக்குப் பட்டியல் திறக்கவில்லை. வி.பி.என். பச்சையாக இருந்தது. வாசலில் தொண்ணூறு பேர் வரிசையில் நின்றார்கள். என் தாயாரும் அவர்களில் ஒருவர். மளிகைக்கடைப் பாக்கி, சீட்டுப் பணம் என்று அந்தப் பணத்துக்கு ஆளுக்கொரு வேலை காத்திருந்தது. சிலருக்கு எட்டே முக்காலுக்குக் கடைசி டவுன் பஸ். பணம் பெட்டியில் இருந்தது. யாருக்கு எவ்வளவு என்பதுதான் கோவையில் இருந்தது.

கணிப்பொறிகளைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தார். செல்பேசியில் பிடித்தோம். நாதசுரச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டதும் நான் சொன்னதும் இவ்வளவுதான்:

"தம்பி, பச்சை வெளக்க நம்பாதீங்க. சர்வர் பேரைப் போட்டுப் பிங் பண்ணுங்க. பதில் வருதா?"

"வருதுங்கண்ணா. 192.168.1.10-னு சரியான நம்பர்தான் காட்டுது."

"எத்தனை மில்லி செகண்டு?"

"ஒண்ணுக்கும் கம்மின்னு போட்டிருக்குங்கண்ணா."

கொஞ்ச நேரம் நாதசுரம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "கோயமுத்தூர் போயிட்டு ஒரு மில்லி செகண்டுக்குள்ள திரும்பி வர முடியுமா தம்பி? பதில் சொல்றது நம்ம சர்வர் இல்லீங்க."

இங்கே சற்று நின்று இதை விளக்கவேண்டும். பிங் என்பது அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் ஒரே மாலையில் எழுதிய சிறு நிரல். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலியையே அதற்குப் பெயராக வைத்தார். ஒரு பொட்டலத்தை அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை நேரம் ஆயிற்று என்று காட்டும். பலரும் பதில் வந்ததா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வந்த பதிலின் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அவைதான் உண்மையான செய்தி. ஒன்று நேரம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 50 கிலோமீட்டர் போய்த் திரும்ப அரை மில்லி நொடி போதும் என்று நம் இயற்பியல் துறை நண்பர்கள் கணக்குப் போடலாம். ஆனால் பொட்டலம் நேர்கோட்டில் போவதில்லை. நடுவில் பல ரூட்டர்கள், பூட்டித் திறக்கும் வேலை எல்லாம் சேர்ந்து சில மில்லி நொடிகளாவது ஆகிவிடும். மற்ற நாட்களில் எங்களுக்கு 15-க்கு மேல்தான் வரும்.

இரண்டாவது எண் டி.டி.எல். எனப்படும் ஆயுள் எண். பொட்டலங்கள் வழிதெரியாமல் வலைக்குள் முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இராதபடி, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் ஆயுள் எழுதப்பட்டிருக்கும். ஒரு ரூட்டரைக் கடந்தால் ஒன்று குறையும். பூஜ்யமானால் பொட்டலம் அழிக்கப்படும். விண்டோஸ் கணிப்பொறி வழக்கமாக 128-இல் தொடங்கும். லினக்ஸ் உள்ளடங்கிய சிறு கருவிகள் பலவும் 64-இல் தொடங்கும். எங்கள் சர்வர் விண்டோஸ். சுரங்கம் கடந்து வந்தால் 127 அல்லது 126 என்று காட்டவேண்டும். அன்று காட்டியதோ 64. ஒன்றுகூடக் குறையாத 64. பதில் சொன்னவர் ஒரு ரூட்டரையும் கடக்காத பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யார்? 'ஏ.ஆர்.பி.' என்ற கட்டளை, உள்வலையில் எந்த எண்ணுக்கு எந்த வன்பொருள் முகவரி என்பதைக் காட்டும். அந்தப் பன்னிரண்டு எழுத்து முகவரியைக் குறித்துக்கொண்டு, கருவிகளின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாசலில் விரல்ரேகை வைத்து வருகை பதியும் பெட்டியின் முதுகில் அதே முகவரி இருந்தது! அதன் கம்பியைப் பிடுங்கினேன், பிங் நின்றது. செருகினேன், பிங் வந்தது. தொண்ணூறு பேரின் கூலியைக் கேட்டு எங்கள் கணிப்பொறி இத்தனை நேரமும் வருகைப் பெட்டியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

காரணம் இதுதான். புதன்கிழமை இணைய இணைப்புத் தருபவர்கள் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைத்துப் போயிருந்தார்கள். பழைய பெட்டி கிளைக்குள் 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்துவந்தது, புதியது 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தது. கோவை அலுவலகத்தின் உள்வலையும் 192.168.1 தான். வீதிக்கு வீதி மாரியம்மன் கோவில் இருப்பது போல, இந்த எண் வரிசை எங்கும் இருக்கிறது. உலகில் ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். அவற்றைச் சிக்கனப்படுத்தவே 10, 172.16, 192.168 என்று தொடங்கும் மூன்று வரிசைகளை யாரும் தங்கள் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1996-இல் அது ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணமாயிற்று. வீட்டுக்குள் இருக்கும்வரை தொல்லை இல்லை. இரண்டு வீடுகளைச் சுரங்கத்தால் இணைக்கும்போதுதான், இரண்டு வீட்டிலும் ஒரே கதவு எண் இருப்பது தெரியவருகிறது.

முன்னே சொன்ன விதியைப் பொருத்திப் பாருங்கள். சுரங்கம் "192.168.1 எல்லாம் என் வழி" என்றது, உள்ளூர் வலையும் அதையே சொன்னது. இரண்டும் ஒரே நீளத்துக்குப் பொருந்துவதால் வெற்றி தோல்வி இல்லை. அப்போது 'மெட்ரிக்' என்ற செலவெண் எதற்குக் குறைவோ அந்த வழி வெல்லும். அன்று உள்ளூர் வழி வென்றது. 'ரூட் பிரிண்ட்' என்று ஒரு கட்டளை போட்டால் இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெயர் சரி, ஹோஸ்ட்ஸ் கோப்பில் எண் சரி, சுரங்கம் சரி. வழி மட்டுமே பிசகு.

அண்ணன் சொன்னபடி, உள்வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, மேற்பார்வையாளரின் செல்பேசி இணைப்பில் கணிப்பொறியைப் போட்டோம். செல்பேசி 192.168.43 என்ற வரிசையைக் கொடுத்தது, மோதல் தீர்ந்தது, ஏழு இருபதுக்குப் பட்டியல் வந்தது. கடைசி பஸ்ஸை ஒருவரும் தவறவிடவில்லை. ஞாயிறன்று கிளையின் வரிசையையே 192.168.57 என்று மாற்றிவிட்டார்கள். 57-க்கு எந்த மகத்துவமும் கிடையாது. யாரும் சாதாரணமாகத் தேர்ந்தெடுக்காத எண் என்பதே அதன் தகுதி.

நம் தேர்வில் ஏழு அடுக்குகளை வரிசையாக எழுதினால் ஐந்து மதிப்பெண். அதைக் குறைகூறவில்லை, கீழடுக்கிலிருந்து மேலடுக்குக்கு ஒவ்வொன்றாகச் சந்தேகப்படவேண்டும் என்ற ஒழுங்கு அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் "வந்த பதில் யாருடையது?" என்று கேட்கும் பழக்கம் செய்முறை வகுப்பில் வந்தால்தான் உண்டு. நம் ஆய்வகத்தில் இரண்டு பழைய ரூட்டர்கள் இருந்தாலே இந்த நோயை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கலாம் என்பதை ஆசிரியப் பெருமக்களிடம் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இவையெல்லாம் சிறிய அலுவலகத்துத் தொல்லைகள் என்று எண்ணவேண்டாம். 2008 பிப்ரவரி 24 அன்று, பாகிஸ்தானில் யூடியூபைத் தடைசெய்யும்படி வந்த அரசாணையை நிறைவேற்ற, பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் யூடியூபின் 256 முகவரிகளுக்கு "வழி என்னிடம்" என்று தன் வலைக்குள் அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக நாட்டுக்கு வெளியே கசிந்துவிட்டது. யூடியூப் தானே 1024 முகவரிகள் கொண்ட தொகுதியாக அறிவித்திருந்தது. 256 என்பது சிறிய தொகுதி, ஆகவே நீளமாகப் பொருந்துவது. உலகத்து ரூட்டர்கள் விதி தவறாமல் பாகிஸ்தானின் பக்கம் பொட்டலங்களை அனுப்பின. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் இல்லை. கடைசியில் யூடியூப் இன்னும் சிறிய 128 முகவரித் தொகுதிகளாகத் தன்னை அறிவித்து வழியை மீட்கவேண்டியிருந்தது.

பெயரும் வழியும் சேர்ந்து கவிழ்ந்தால் என்னவாகும் என்பதற்கு 2021 அக்டோபர் 4. அன்று இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணிக்குமேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் மறைந்தன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையை முழுவதுமாக அறுத்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்கவேண்டிய சோதனை நிரலிலும் பிழை இருந்தது. அடுத்து நிகழ்ந்ததுதான் வியப்பு. அவர்களுடைய டி.என்.எஸ். சர்வர்கள், தரவு மையத்தை எட்டமுடியாவிட்டால் தாங்களே நோயாளிகள் என்று கருதி, "எனக்கு வழி இது" என்ற அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டன. சர்வர்கள் உயிரோடு இருந்தன; அவற்றுக்குப் போகும் வழி உலக வரைபடத்திலிருந்து அழிந்துவிட்டது. பொறியாளர்கள் வழக்கமாக உள்ளே நுழையும் வழியும் அதே வலையில்தான் இருந்தது. ஆட்களைத் தரவு மையத்துக்கு நேரில் அனுப்பி, பாதுகாப்பு மிகுந்த கதவுகளைக் கடந்து சரிசெய்ய ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை!

சுரங்கத்துக்கே உரிய ஒரு நோயையும் சொல்லவேண்டும். சிறிய பக்கங்கள் திறக்கும். பெரிய கோப்பு பாதியில் தொங்கும். பிங் அழகாக ஓடும். இது அளவுக் கோளாறு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் பொதுவாக 1500 பைட்டு வரை இருக்கலாம். சுரங்கமோ கவருக்குள் கவர். வெளிக்கவருக்கே அறுபது, எண்பது பைட்டுகள் போய்விடும். 2020-இல் லினக்ஸ் கருவுக்குள் சேர்க்கப்பட்ட வயர்கார்டு இதற்காகவே உள்பொட்டலத்தை வழக்கமாக 1420 பைட்டாக வைத்துக்கொள்கிறது. பெரிய பொட்டலம் வந்தால் "இது நுழையாது, சிறிதாக்கு" என்று ரூட்டர் திருப்பிச் சொல்லவேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் சில அலுவலகங்கள் அந்தச் செய்தியையே தடுத்து வைத்துவிடுகின்றன. அனுப்பியவர் பெரிதாகவே அனுப்பிக்கொண்டிருப்பார். அது மௌனமாக விழுந்துகொண்டிருக்கும். பிங்கில் 'உடைக்காதே' என்ற குறியோடு 1472 பைட்டு வைத்து அனுப்பிப் பாருங்கள். தலைப்பின் 28 பைட்டும் சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1350 போனால் நோய் பிடிபட்டது.

போகிற வழி இருந்து திரும்புகிற வழி இல்லாமல் போவதும் உண்டு. வி.பி.என். ஆட்களுக்கு 10.8.0 வரிசை எண் கிடைத்திருக்கும். சர்வரின் இயல்பான வாசலாக இருக்கும் வேறொரு ரூட்டருக்கு அப்படியொரு வரிசையே தெரியாது. கேள்வி போய்ச் சேரும். பதில் வேறு தெருவில் தொலையும். நம் பக்கமிருந்து பார்த்தால் சர்வர் செத்தது போலவே தோன்றும். சர்வரின் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, வரும் பொட்டலங்களைக் கண்காணித்தால் ஒழிய இது பிடிபடாது.

பெயரிலும் ஒரு சிறு கண்ணி. டி.என்.எஸ். பதிலுக்கும் ஓர் ஆயுள் உண்டு, அதற்கும் டி.டி.எல். என்றே பெயர், ஆனால் இது நொடிக் கணக்கு. 86,400 என்று வைத்திருந்தால் ஒரு நாள் முழுவதும் பழைய எண்ணையே பிறர் நினைவில் வைத்திருப்பார்கள். சர்வரை இடம்மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே அதை 300-ஆகக் குறைத்துவிடுவது அனுபவசாலிகள் வழக்கம்.

எண் மோதலுக்கு மருந்து ஐ.பி. ஆறாம் பதிப்பில் இருக்கிறது. 2005-இல் வந்த ஒரு விதி, உள்வலைக்கென ஒதுக்கிய முகவரியின் முன்பகுதியில் 40 பிட்டுகளைக் குலுக்கல் போல ஏதோ ஒரு எண்ணாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறது. 40 பிட்டு என்றால் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி வாய்ப்புகள். இரண்டு அலுவலகங்கள் என்றைக்காவது சுரங்கத்தால் சேரக்கூடும் என்பதை எதிர்பார்த்தே எழுதப்பட்ட விதி அது. எங்கள் கிளையில் புதிய பெட்டி வைத்தவர்கள் அந்த வசதியை அணைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 57 அங்கே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.